காணாமற்போன 16 இலட்சம் எங்கே?

களுவாஞ்சிகுடிக்கு அண்மையில் வசிக்கும் ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிச் சேர்ந்த பணத்தில் 10 இலட்சத்தை 2021 ஜனவரியில் கணவரின் தம்பி மூலம் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டார். அந்த ஆண்டு வந்த இலாபத்தைப் பார்த்து, வங்கியில் கிடந்த நிலையான வைப்பை உடைத்து, 2022 ஜனவரியில் இன்னொரு 10 இலட்சம் கொடுத்தார். 2024 முடிவில் மச்சான் வாட்ஸ்அப்பில் நாலு ஆண்டுக் கணக்கு அனுப்பினார்: 80.5 வீதம் ஏற்றம், 30.6 வீதம் இறக்கம், 25.5 வீதம் ஏற்றம், 49.7 வீதம் ஏற்றம். "சராசரி ஆண்டுக்கு 31.3 வீதம் அண்ணி" என்றும் எழுதியிருந்தார். ஆசிரியை கைபேசியில் கூட்டு வட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 52 இலட்சத்து 36 ஆயிரம் இருக்க வேண்டும் என்று வந்தது. மச்சான் காட்டிய மீதியோ 36 இலட்சத்து 20 ஆயிரம்.

"மிச்சம் 16 இலட்சத்தை எடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். என் வயலுக்கும் ஒவ்வொரு போகமும் விளைந்த மூட்டையைக் கூட்டி வகுத்துத்தான் சராசரி பார்க்கிறேன், அது ஒருநாளும் பிழைத்ததில்லை. பணத்துக்கு மட்டும் எப்படிப் பிழைக்கும்? கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. பொலிசுக்குப் போகவா? இதற்குள் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த படுவான்கரைக் காணியை வங்கியில் ஈடு வைத்து 20 இலட்சம் எடுத்து இதிலேயே போடச் சொல்கிறார் மச்சான். வட்டி 14 வீதம், இதில் வருவது 31 வீதம், கணவரும் சம்மதம் என்கிறார். மகளுக்கு மூன்று வருடத்துக்குள் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்."

இதைத் தவிர, பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் ஒரு யூனிட் டிரஸ்டில் சொந்தமாக மாதம் 20,000 ரூபாய் போடுவதாகவும், அங்கேயும் சராசரி விலையைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மனதில் இருக்கும் பெரிய பாரத்தை இறக்கி வைக்கிறேன். நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தால் யாரும் 16 இலட்சம் எடுத்ததாகத் தெரியவில்லை. அந்த 16 இலட்சம் ஒருபோதும் இருந்ததே இல்லை. பொருந்தாத ஒரு சராசரியைக் கூட்டு வட்டிக் கணக்குக்குள் போட்டபோது பிறந்த தொகை அது. மச்சான் சுத்தமானவர் என்று நான் சான்றிதழ் தரவில்லை. அதற்குப் பார்க்க வேண்டிய தாள்கள் வேறு, கீழே சொல்கிறேன். ஆனால் இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போகாதீர்கள். கட்டாருக்குத் தொலைபேசி எடுத்துத் தம்பியைக் கள்வன் என்றும் சொல்லாதீர்கள். குடும்பத்துக்குள் அப்படி ஒரு சொல் விழுந்தால் பிறகு எந்தக் கணக்கறிக்கையாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

வயலுக்குச் சரி, பணத்துக்கு ஏன் பிழை?

உங்கள் வயல் கணக்கு சரியானதுதான். ஒரு போகம் ஏக்கருக்கு 25 மூட்டை, வெள்ளம் வந்த போகம் 15, அடுத்தது 20 என்றால் சராசரி 20. மூன்று போகமும் சேர்ந்து 60 மூட்டை. 20ஐ மூன்றால் பெருக்கினாலும் அதே 60. ஏன் ஒத்துவருகிறது? ஒவ்வொரு போகமும் நெல்லை விற்றோ குதிரில் போட்டோ கணக்கை முடித்துவிடுகிறீர்கள். அடுத்த போகம் அதே ஏக்கரில் புதிதாகத் தொடங்குகிறது. போன போகம் 15 மூட்டைதான் விளைந்தது என்பதற்காக இந்தப் போகம் காணி சுருங்கிவிடுவதில்லை.

பங்கில் போட்ட பணத்துக்குக் காணியே சுருங்கும், காணியே விரியும். இலாபத்தை எடுக்காமல் விட்டால் அடுத்த ஆண்டின் வீதம் அந்தப் பெருத்த தொகையில் விழுகிறது. நட்டம் வந்தால் அடுத்த ஆண்டின் வீதம் மெலிந்த தொகையில் விழுகிறது. ஆகவே ஆண்டுகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 100 ரூபாயை மச்சானின் நாலு வீதங்களுக்குள்ளும் நடத்திப் பாருங்கள். முதலாம் ஆண்டு முடிவில் 180.50. அதில் 30.6 வீதம் விழ 125.27. பிறகு 157.21. கடைசியில் 235.34. நாலு ஆண்டில் 2.35 மடங்கு. ஆண்டுக்கு ஒரே வீதத்தில் வளர்ந்து 2.35 மடங்கானால் அந்த வீதம் எவ்வளவு? 23.9. இதுதான் பெருக்கல் சராசரி. கல்குலேட்டரில் 2.3534க்கு வர்க்கமூலம் எடுத்து, வந்த விடைக்கு இன்னொரு தரம் வர்க்கமூலம் எடுத்தால் 1.239 வரும், நாலு ஆண்டுக்கு அவ்வளவுதான் வேலை. மச்சான் சொன்ன 31.3 உண்மையானால் 100 ரூபாய் 297 ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஆகவும் முடியாது.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த நாலு வீதமும் உங்கள் கணக்கின் வீதங்கள் அல்ல. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 முடிவில் 6,774இல் நின்றது. 2021 முடிவில் 12,226, 2022 முடிவில் 8,490, 2023 முடிவில் 10,654, 2024 முடிவில் 15,945. ஆண்டுக்காண்டு மாற்றத்தை எடுத்தால் மச்சான் அனுப்பிய அதே எண்கள் வருகின்றன. சந்தையின் கணக்கை உங்கள் கணக்கு போல அனுப்பியிருக்கிறார். அவர் வாங்கிய பங்குகள் சந்தையோடு ஒட்டியே போனதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் இது சரியான முறை அல்ல. உங்கள் பணத்துக்கு உங்கள் கணக்கின் எண்கள்தான் வேண்டும்.

2022ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். 30.6 வீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 30.6 வீதம் ஏறினால் போதாது, 44 வீதம் ஏற வேண்டும். அதனால்தான் 2023இல் 25.5 வீதம் ஏறியும் சுட்டெண் 12,226ஐத் தொடவில்லை. கூட்டல் சராசரி இதைக் காட்டாது. ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குக் கூட்டல் சராசரி மேலே தூக்கிக் காட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே வட்டி தரும் வைப்புக்கு இரண்டு சராசரியும் ஒன்றுதான். பங்குக்கு 31.3க்கும் 23.9க்கும் நடுவில் இருக்கும் அந்த ஏழு வீதத்துக்கு மேற்பட்ட இடைவெளி, இந்த நாலு ஆண்டும் எவ்வளவு ஆட்டமாக இருந்தன என்பதன் அளவு. கூட்டல் சராசரிக்கும் ஒரு வேலை உண்டு: வரப்போகும் ஒரே ஓர் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் நிபுணர்கள் அதைத்தான் எடுப்பார்கள். நடந்து முடிந்த பல ஆண்டுகளில் பணம் எப்படி வளர்ந்தது என்ற கேள்விக்கு அது விடையல்ல.

16 இலட்சம் போன வழி

சரி, இப்போது உங்கள் 52 இலட்சத்து 36 ஆயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். 31.3க்குப் பதில் 23.9 வீதத்தைப் போட்டு அதே கூட்டு வட்டிக் கணக்கைச் செய்தால் சுமார் 42 இலட்சத்து 54 ஆயிரம் வருகிறது. அதாவது வித்தியாசத்தில் 9 இலட்சத்து 80 ஆயிரம் பிழையான சராசரியால் வந்தது.

மிச்சத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய 6 இலட்சம், இரண்டாவது 10 இலட்சம் போன நேரத்தால் வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பணம் 2021இன் 80 வீதத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கிடைத்தது 2022இன் வீழ்ச்சியும் அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆண்டின் மீட்சியும்தான். நாலு ஆண்டின் சராசரியை மூன்று ஆண்டு மட்டும் இருந்த பணத்துக்குப் போட்டால் ஒத்துவராது. உங்கள் மீதியில் முதல் 10 இலட்சத்தின் பங்கு சுமார் 23.3 இலட்சம், இரண்டாவதன் பங்கு சுமார் 12.9 இலட்சம்தான். அது ஆண்டுக்கு 9 வீதத்தைக்கூடத் தொடவில்லை.

கடைசியில் நிற்கும் 37 ஆயிரம் ரூபாய்க்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பங்கு வாங்கும்போது தரகுக் கூலியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து வழமையாக 1.12 வீதம் கழியும். இதற்கு அது கிட்டத்தட்டப் போதும்.

அப்படியானால் உங்கள் பணம் ஆண்டுக்கு எத்தனை வீதம் வளர்ந்தது? இதற்கு 31.3உம் விடையல்ல, 23.9உம் விடையல்ல. எந்தத் திகதியில் எவ்வளவு போட்டீர்கள், இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத் தேடும் வீதம் ஒன்று இருக்கிறது. எக்செல்லில் அதற்கு எக்ஸ்ஐஆர்ஆர் என்று ஒரு சூத்திரம். ஒரு நிரலில் திகதிகள், பக்கத்து நிரலில் தொகைகள். நீங்கள் போட்டது கழித்தல் குறியோடு, இன்றைய மீதி கூட்டல் குறியோடு. மகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவா. விடை ஏறக்குறைய 18.4 வீதம்.

இந்த இரண்டில் எதை எப்போது பார்ப்பது? பங்குகளைத் தெரிந்தெடுத்தவரின் கெட்டித்தனத்தை அளக்கப் பெருக்கல் சராசரி. ஏனென்றால் பணம் எப்போது வந்தது என்பது அவர் கையில் இல்லை, வைப்பை உடைத்துக் கொடுத்தது நீங்கள். உங்கள் பைக்கு என்ன வந்தது என்று அறிய 18.4. மச்சானைச் சந்தையோடு ஒப்பிட்டால் அவர் பெரிதாகக் கெடுத்துவிடவும் இல்லை, பெரிதாக வென்றுவிடவும் இல்லை.

யூனிட் டிரஸ்டில் 66 சதம்

மூன்று மாதம், மாதம் 20,000. அலகு விலை 20, 25, 16 ரூபாய். கூட்டி மூன்றால் வகுத்தால் 20.33, அறிக்கையில் 19.67. அவர்கள் காட்டியது சரி. முதல் மாதம் 1,000 அலகு, விலை ஏறிய மாதம் 800, இறங்கிய மாதம் 1,250. ஆக 3,050 அலகு. 60,000ஐ 3,050ஆல் வகுங்கள். ஒரே தொகைக்கு வாங்கும்போது மலிந்த மாதத்தில் கூட அலகு சேர்கிறது, அதனால் உண்மையான கொள்விலை விலைகளின் சராசரியை விடக் குறைவாகவே வரும். குறைந்த கொள்விலை உங்களுக்கு நல்லதுதானே, சகோதரி.

விலைவாசியையும் சேர்த்தால்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மகளின் வீடு சீமெந்தாலும் கம்பியாலும் எழும்ப வேண்டியது, ரூபாய் நோட்டால் அல்ல, அதனால் சொல்கிறேன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2021 டிசம்பரில் 12.1 வீதம், 2022 டிசம்பரில் 57.2, 2023 டிசம்பரில் 4.0, 2024 டிசம்பரில் விலைகள் 1.7 வீதம் குறைந்திருந்தன. இதையும் கூட்டக் கூடாது. பெருக்கினால் நாலு ஆண்டில் பொருள் விலை ஏறக்குறைய 80 வீதம் ஏறியிருக்கிறது. 2021 தொடக்கத்தின் 10 இலட்சம் வாங்கிய பொருளை வாங்க 2024 முடிவில் 18 இலட்சம் வேண்டும். உங்கள் முதல் 10 இலட்சம் 23.3 ஆனது, அது தப்பி மேலே வந்துவிட்டது. இரண்டாவது 10 இலட்சத்துக்கு 16 இலட்சத்துக்கு மேல் வேண்டும், அது 12.9இல் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் வாங்கும் சக்தியில் நீங்கள் சம்பாதித்தது சுமார் 2 இலட்சம் ரூபாய்தான். நாடு பட்ட பாட்டில் அது சின்ன விடயமில்லை. வங்கிச் சேமிப்புப் புத்தகத்தில் பணத்தைப் போட்டுவிட்டிருந்த பலர் அந்த ஆண்டுகளில் பெறுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தார்கள். ஆனால் "ஆண்டுக்கு 31 வீதம்" என்ற பேச்சுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

காணியை ஈடு வைக்கலாமா?

வேண்டாம். இந்தக் கடிதத்தில் நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

14 வீத வட்டி ஒவ்வொரு மாதமும் வரும். பங்கின் இலாபம் அப்படி வராது. நீங்கள் 20 இலட்சம் எடுத்துப் போட்ட முதல் ஆண்டே இன்னொரு 2022ஆக அமைந்தால் கையில் 13 இலட்சத்து 88 ஆயிரம் இருக்கும். வங்கிக்கு வட்டியோடு 22 இலட்சத்து 80 ஆயிரம் கொடுக்க வேண்டியிருக்கும். 9 இலட்சத்துக்குக் கிட்டக் குழி. அடுத்த ஆண்டு சந்தை ஏறும்வரை வங்கி காத்திருக்காது. நாலு ஆண்டின் சராசரி நல்லது என்பதால் நடுவில் ஓர் ஆண்டைக் கடக்க முடியாமல் காணியை இழந்தவருக்கு என்ன ஆறுதல்? கடன் எடுத்து முதலிடுபவருக்குச் சராசரியை விட ஆண்டுகள் வரும் ஒழுங்கு முக்கியம்.

கணவர் சம்மதித்துவிட்டார் என்பதால் கையெழுத்து வைத்தாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. மனைவியின் காணிக்குக் கணவரின் சம்மதம் கேட்கும் தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத்து வழமை. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான் பொருந்தும். தாயிடமிருந்து உங்கள் பெயருக்கு வந்த காணி உங்களுடையது. நீங்கள் விரும்பினால் வைக்கலாம், விரும்பாவிட்டால் யார் சம்மதமும் உங்களைக் கட்டுப்படுத்தாது. கணவருடன் பேசுங்கள், அது வேறு. ஆனால் மேலே உள்ள 13.88க்கும் 22.80க்கும் நடுவிலுள்ள கணக்கை அவருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். அவரிடமும் 31 வீதம் என்றுதான் சொல்லப்பட்டிருக்கும்.

மகளின் வீட்டுக்கு மூன்று ஆண்டில் வேண்டிய தொகையையும் பங்கில் முழுதாக விட்டுவைக்காதீர்கள். ஒரேயடியாக விற்க வேண்டியதில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று மேசனிடம் கேட்டுக்கொண்டு, முதலில் வேண்டியதை முதலில் நிலையான வைப்புக்கோ, அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலுக்கோ மாற்றுங்கள். வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான், அதனால் ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம். வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீத வரியைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் எல்லா வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 18 இலட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.

மச்சானிடம் கேட்க வேண்டியவை

சண்டைக்குப் போகிற மாதிரிக் கேட்காதீர்கள். "எக்ஸ்ஐஆர்ஆர் கணக்குப் போட வேண்டும், தாள்களைத் தாருங்கோ" என்றே கேளுங்கள். பொய்யும் இல்லை.

பங்குகள் இருக்கும் சிடிஎஸ் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. உங்கள் பெயரில் இருந்தால் பங்குகள் சட்டப்படி உங்களுடையவை. அவர் பெயரில் இருந்தால், நாளை அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அல்லது அவருக்குக் கடன்காரர் வந்தால், அது உங்கள் பணம் என்று நிறுவுவது பெரும்பாடு. அப்படியானால் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து மாற்றிக்கொள்வதைத்தான் எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டும்.

அடுத்தது, கணக்கில் பதிந்திருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். வாங்கி விற்கும் ஒவ்வொரு தடவையும் தரகு நிறுவனம் அனுப்பும் பத்திரம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. அது உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாவதை ஆட்கள் மறந்துவிடுவார்கள்: பங்கிலாபம். மேலே சொன்ன சுட்டெண் விலையை மட்டும்தான் காட்டும், கம்பனிகள் தரும் பங்கிலாபத்தைச் சேர்க்காது. நாலு ஆண்டில் உங்கள் பங்குகளுக்கும் ஏதாவது வந்திருக்கும். அது எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? 16 இலட்சத்தைத் தேடுவதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். உண்மையாகவே பணம் எங்கேயாவது ஒதுங்கியிருந்தால் இந்த இடத்தில்தான் ஒதுங்கியிருக்கும். வந்த பங்கிலாபத்தையும் திகதியோடு எக்செல்லில் சேர்த்தால் உங்கள் 18.4 கொஞ்சம் கூடும்.

தாள்களைத் தர மறுத்தால், உங்கள் பெயரில் கணக்கு இருக்குமிடத்து, அடையாள அட்டையோடு தரகு நிறுவனத்தை நேரே கேட்கலாம். இது உங்கள் உரிமை. அங்கும் சரிவராவிட்டால், பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். பொலிஸ் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

சிடிஎஸ் அறிக்கையும் நாலு ஆண்டு வங்கிக் கூற்றும் கைக்கு வந்ததும், பெயரையும் இலக்கங்களையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். பங்கிலாபத்தையும் சேர்த்து மறுபடி கணக்குப் பார்க்கிறேன். அதுவரை வங்கியில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.